லியனார்டோவை மந்திரவாதி ஆக்காதீர்கள்: சிறுவர் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும் தொகுப்பாசிரியர்களுக்கும் சிறுவர்களுக்காக எழுதுபவர்களுக்கும்,

லியனார்டோ டா வின்சி பற்றிய ஒரு தமிழ்ச் சிறுவர் நூல் இந்த ஆண்டு மறு அச்சாகி வந்திருக்கிறது. முந்தைய அச்சில் இருந்த பிழைகளைப் பக்க எண்ணோடு குறித்து அந்தப் பதிப்பகத்துக்கு எழுதியிருந்தேன். பதிலும் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த அளவு போதும், கதை விறுவிறுப்பாக இருந்தால்தான் படிப்பார்கள், அதனால் மாற்றப் போவதில்லை என்றார்கள். சொன்னபடியே மாற்றாமல் அச்சிட்டுவிட்டார்கள். சைக்கிளைக் கண்டுபிடித்தவர் லியனார்டோ என்ற வரி புது அட்டையோடு மறுபடியும் பிள்ளைகள் கைக்கு வந்திருக்கிறது.

ஒரு பதிப்பகத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் அவர்களுக்கே இன்னொரு கடிதம் எழுதியிருப்பேன். ஆனால் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் லியனார்டோ பற்றிக் கிடைக்கிற சிறுவர் நூல்களை எல்லாம் எடுத்து வாசித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே கதைதான். ஐந்நூறு வருடத்துக்கு முன்பே ஹெலிகாப்டர், பாராசூட், பீரங்கி வண்டி, சைக்கிள் எல்லாவற்றையும் கண்டுபிடித்த ஒரு அதிசய மனிதர்; யாருக்கும் புரியக் கூடாது என்று ரகசிய எழுத்தில் எழுதினார்; மோனாலிசாவை வரைந்தார்; அரசர் மடியில் உயிர் விட்டார். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதே நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரைகிறேன். உங்கள் புத்தகங்களை வாசித்துவிட்டு வரும் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்பதை நேரில் கேட்கிற இடத்தில் இருக்கிறேன்.

முதலில் அந்த சைக்கிள். மிலான் நகரத்து அம்ப்ரோசியானா நூலகத்தில் கோடெக்ஸ் அட்லாண்டிகஸ் என்ற பெரும் தொகுப்பு இருக்கிறது. லியனார்டோ இறந்து பல ஆண்டுகள் கழித்து, பொம்பேயோ லியோனி என்ற சிற்பி அவருடைய தாள்களைப் பெரிய ஏடுகளில் ஒட்டித் தொகுத்தது அது. ஒட்டியதால் பல தாள்களின் பின்பக்கம் நூற்றாண்டுக் கணக்கில் மறைந்து கிடந்தது. 1960களில் செப்பனிடும் பணியில் அவற்றைப் பிரித்தார்கள். அப்புறம் 133ஆம் தாளின் பின்பக்கத்தில் சைக்கிள் போன்ற ஒரு கோணல்மாணல் படம் இருப்பதாக 1974இல் வெளியிட்டார்கள். அன்று அதை நம்பியவர்கள்கூட அது லியனார்டோ கையால் வரைந்தது என்று சொல்லவில்லை. அவரிடம் இருந்த பையன் யாரோ கிறுக்கியது என்றுதான் சொன்னார்கள். ஆனால் லியனார்டோ ஆய்வில் பெரிய பெயரான கார்லோ பெத்ரெத்தி 1961இலேயே அந்தத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருந்தார். அவர் கண்டது இரண்டு வட்டங்களும் சில வளைகோடுகளும்தான். பின்னால் யாரோ பெடலும் சங்கிலியும் சேர்த்துவிட்டார்கள் என்று 1997இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹான்ஸ் எர்ஹார்ட் லெஸ்ஸிங் விரிவாக எழுதினார்.

இருசக்கர வாகனத்தின் உண்மை வரலாறு எல்லோருக்கும் கிடைக்கிறதுதான். 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிராய்ஸ் பெடல் இல்லாத, காலால் தரையை உந்திப் போகிற மர வண்டியைச் செய்தார். 1860களில் பிரான்சில் முன்சக்கரத்தோடு பெடல் சேர்ந்தது. சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றும் சைக்கிள் 1880களில் வந்தது. இத்தனை பேர் உழைப்பையும் ஒரே வரியில் லியனார்டோவுக்கு எழுதிக் கொடுப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அடுத்து ஹெலிகாப்டர். பாரிசில் இருக்கும், பி என்று அழைக்கப்படும் அவருடைய கையேட்டில், 1480களின் கடைசியில் வரைந்த திருகுப் பறவைப் படம் அது. கஞ்சி போட்டு விறைப்பாக்கிய லினன் துணியைத் திருகு மாதிரி சுற்றினால் அது காற்றைத் துளைத்து மேலே ஏறும் என்று எண்ணினார். மனித உடம்பின் பலத்தில் அது ஏறாது. ஆனால் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: அட்டையால் சின்னதாக ஒன்று செய்து, மெல்லிய எஃகுத் தகட்டை முறுக்கி விட்டுப் பார்க்கலாம் என்று. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இந்த வரிதான். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் பார்க்கவில்லை.

பாராசூட் கதையும் அப்படியே. பன்னிரண்டு முழ அகலம், பன்னிரண்டு முழ உயரம் கொண்ட கூடாரத் துணியோடு குதித்தால் எவ்வளவு உயரத்திலிருந்தும் அடிபடாமல் இறங்கலாம் என்று அவர் எழுதினார், குதிக்கவில்லை. அவருக்குச் சற்று முன்னே சியேனா நகரத்துப் பொறியாளர் ஒருவரின் குறிப்பேட்டிலும் இதே யோசனை இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஏட்ரியன் நிக்கோலஸ் என்ற ஆங்கிலேயர் மரமும் கித்தானும் வைத்து அதைச் செய்து தென்னாப்பிரிக்காவில் குதித்தார். அது ஆடாமல் அழகாக இறங்கியது. ஆனால் கிட்டத்தட்ட 85 கிலோ எடை தலையில் விழுந்துவிடும் என்பதால் கடைசிக் கட்டத்தில் அதைக் கழற்றிவிட்டு நவீன பாராசூட்டில் இறங்கினார். இதில் விறுவிறுப்புக்கு என்ன குறைச்சல்?

பீரங்கி வண்டியைப் பற்றி என் வகுப்பறை அனுபவத்தையே சொல்கிறேன். ஆமை ஓடு போட்ட அந்த வண்டியின் படத்தை மாணவர்களிடம் கொடுத்து, கைப்பிடியைச் சுற்றினால் எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அம்புக்குறி போடச் சொல்வேன். பல்சக்கரங்களைப் பின்தொடர்ந்து போனால், முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் எதிர்ப்பக்கமும் சுழலும். வண்டி நகராது. வேண்டுமென்றே தப்பாக வரைந்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு, கவனக்குறைவு என்கிறவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தப்பைத் தாங்களே கண்டுபிடித்த நாளில் அந்தப் பிள்ளைகள் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் வேறு எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்கு லியனார்டோ மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. அவர் வரைந்ததை ஒரு பொறியாளரின் வரைபடமாக எடுத்துச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

உங்கள் புத்தகங்களை மட்டும் வாசித்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் இது நடப்பதில்லை. நன்றாக வரைகிற ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "அவர் மூளையே வேற டீச்சர். நமக்கெல்லாம் வராது." என்னை இந்த மடல் எழுத வைத்தது சைக்கிள் பிழையைவிட இந்த வார்த்தைதான். எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்த ஒருவரைக் காட்டினால், பார்க்கிற பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு வியக்கும். அதோடு சரி. லியனார்டோ எப்படிப் பார்த்தார், எப்படிச் சோதித்தார், எங்கே தவறினார் என்று காட்டினால் அதே பிள்ளை பென்சிலை எடுக்கும். ஏழாயிரம் பக்கங்களுக்கும் மேல் அவருடைய கையெழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி முடிந்துபோன கண்டுபிடிப்புகள் அல்ல. கேள்விகள், கணக்குகள், அடித்தல் திருத்தல்கள், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்கள். மிலான் நகரத்தை அளக்க வேண்டும், மரங்கொத்தியின் நாக்கை விவரிக்க வேண்டும், ஃபிளாண்டர்சில் பனிக்கட்டி மேல் எப்படி நடக்கிறார்கள் என்று தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்றெல்லாம் தனக்குத் தானே எழுதி வைத்துக்கொண்ட மனிதர் அவர்.

மலைமேல் கிடக்கும் சிப்பிகள் பற்றி அவர் எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள். நோவாவின் பிரளயம்தான் கடல் சிப்பிகளை மலைக்குக் கொண்டுவந்தது என்பது அன்றைய நம்பிக்கை. அவர் ஒரு கணக்குப் போட்டார். சிப்பி ஒரு நாளில் மூன்று நான்கு முழத்துக்கு மேல் நகராது. ஏட்ரியாட்டிக் கடலிலிருந்து வட இத்தாலியின் உள்நாட்டில் இருக்கும் மோன்ஃபெராட்டோவுக்கு 250 மைல். பிரளயம் நாற்பது நாள். அப்படியானால் எப்படி வந்து சேரும்? வெள்ளம் அடித்துக்கொண்டு வந்ததென்றால் எல்லாம் தாறுமாறாகக் கலந்து கிடக்க வேண்டும். அவையோ உயிரோடு இருந்தபோது வாழ்ந்த மாதிரியே அடுக்கடுக்காக, கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்த பிள்ளை இதைப் பின்தொடர முடியும். எங்கள் பிள்ளைகள் பின்தொடர்ந்தார்கள். ஒரு சிறுமி நத்தையைத் தரையில் விட்டு அளந்து பார்த்துவிட்டு வந்து என்னோடு வாதாடினாள்.

உராய்வும் அப்படித்தான். ஒரு கட்டையை அகலப் பக்கம் படுக்க வைத்து இழுத்தாலும் குறுகிய பக்கம் நிறுத்தி இழுத்தாலும் உராய்வு ஒன்றே. எடை இரண்டு மடங்கானால் உராய்வும் இரண்டு மடங்கு. இதை 1490களிலேயே சோதித்து எழுதி வைத்தார். பிரான்சின் அறிவியலாளர் அமோந்தோன் இதே விதிகளை வெளியிட்டது 1699இல். நூலகத்தில் ஒரு மரக்கட்டையும் சுருள்வில் தராசும் வைத்து இழுத்துப் பார்த்தோம். அகலப் பக்கம்தான் கடினமாக இருக்கும் என்று எல்லாப் பிள்ளைகளும் சொன்னார்கள். தராசு வேறு மாதிரி சொன்னதும் மறுபடி மறுபடி இழுத்தார்கள். வழுவழுப்பான எந்தப் பொருளானாலும் உராய்வு எடையில் கால் பங்கு என்று அவர் நினைத்தது தவறு என்பதையும் அதே தராசில் பார்த்துக்கொண்டோம். லியனார்டோ மேலே சென்ற படியும் சறுக்கிய படியும் ஒரே மேசையில் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

அவருடைய வேலையில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது உடற்கூறு. ஆனால் உங்கள் நூல்களில் இதற்கு இரண்டு வரிதான். ஃபுளோரன்சின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் ஒரு முதியவரோடு அவர் பேசிக்கொண்டிருந்தார். நூறு வயது தாண்டிவிட்டது, பலவீனத்தைத் தவிர வேறு உபாதை இல்லை என்று அந்த முதியவர் சொன்னார். சில மணி நேரத்தில், படுக்கையில் உட்கார்ந்தபடியே அமைதியாக இறந்துபோனார். இவ்வளவு இதமான சாவுக்குக் காரணம் என்ன என்று அறிய லியனார்டோ அந்த உடலை அறுத்துப் பார்த்தார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தடித்துச் சுருங்கியிருப்பதைக் குறித்து வைத்தார். இன்று நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு பேசப்படும் இரத்தக்குழாய் அடைப்பைப் பற்றிய மிகப் பழைய தெளிவான விவரிப்புகளில் ஒன்று அது.

1513 வாக்கில், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் அடிப்பகுதி வடிவத்தில் கண்ணாடியால் ஒரு மாதிரி செய்து, நீரில் புல்விதைகளைத் தூவி ஓடவிட்டுப் பார்க்கத் திட்டமிட்டுக் குறிப்பெழுதினார். நீர் சுழன்று திரும்புவதுதான் இதய வால்வை மூட உதவுகிறது என்று கண்டார். அவர் சொன்னது சரி என்று இருபதாம் நூற்றாண்டில்தான் மற்றவர்கள் சோதித்து உறுதி செய்தார்கள். இத்தனை கண்டவருக்கு, இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்பது பிடிபடவில்லை. அதை 1628இல் வில்லியம் ஹார்வி எழுதினார். கருப்பையில் சுருண்டிருக்கும் சிசுவை அவர் வரைந்த புகழ்பெற்ற படம் இருக்கிறதே, அதில் மனிதக் குழந்தைக்குப் பசுவின் இளங்கொடியை வரைந்திருக்கிறார். பசுவை அறுத்துப் பார்த்த அனுபவம் மனிதப் படத்துக்குள் வந்துவிட்டது. மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் எவ்வளவு எளிதாகப் புரியும்! நான் சொல்லியிருக்கிறேன், புரிந்தது. ஆனால் உங்கள் நூல்களில் அந்தப் படம் ஒரு குற்றமும் இல்லாத அற்புதமாகத்தான் அச்சாகிறது.

அவரைத் தனியாளாகக் காட்டுவதும் நியாயமில்லை. ஃபுளோரன்ஸ் நகரத்துக் கலைஞர் வெரோக்கியோவின் பட்டறையில் வண்ணம் அரைத்து, உலோகம் வார்த்து, மற்றப் பையன்களோடு கற்றவர் அவர். ஃபுளோரன்ஸ் தலைமைத் தேவாலயத்தின் குவிமாட உச்சியில் பெரிய செப்புக் கோளத்தை 1471இல் ஏற்றி வைத்தது அந்தப் பட்டறைதான். அந்தக் கோளத்தை எப்படிப் பற்றவைத்தோம் என்பதை நினைவில் வை என்று முதுமையில்கூட ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். கணிதத்துக்கு லூக்கா பச்சோலி, உடற்கூறுக்குப் பாவியாவின் மார்கந்தோனியோ தெல்லா தோர்ரே, கடைசியில் அந்தத் தாள்களை எல்லாம் காப்பாற்றிய மாணவர் பிரான்செஸ்கோ மெல்ஸி. இவர்கள் பெயர்கள் ஒரு பிள்ளைக்குத் தெரிவதால் லியனார்டோ சிறுத்துவிட மாட்டார். லத்தீன் பள்ளிக்குப் போகாத, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை அவர். பெரியவரான பிறகு லத்தீன் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தவர். இதைப் படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது என்னவாக இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

தோல்விகளையும் மறைக்கிறீர்கள். இறுதி இராவுணவு ஓவியம் 'காலப்போக்கில் மங்கியது' என்று ஒரு நூல் சொல்கிறது. உண்மை அதைவிடக் கடுமையானது. ஈரச் சாந்தின் மேல் வேகமாக வரைகிற முறை அவருடைய நிதானத்துக்கு ஒத்துவரவில்லை. அதனால் மிலானில் ஒரு மடத்தின் உணவுக்கூடத்தில், உலர்ந்த சுவரில் வேறு கலவை கொண்டு வரைந்தார். 1498 வாக்கில் முடித்தது, 1517லேயே கெடத் தொடங்கியிருந்தது. 1652இல் அந்தச் சுவரில் கதவு வைத்து இயேசுவின் பாதங்களையே வெட்டிவிட்டார்கள். 1943இல் குண்டு விழுந்து அந்தக் கூடம் இடிந்தபோது மணல் மூட்டைகளின் பாதுகாப்பில் அந்தச் சுவர் தப்பித்தது. மிலானில் அவர் களிமண்ணில் செய்த மாபெரும் குதிரையை வார்ப்பதற்காகச் சேர்த்த வெண்கலம் 1494இல் பீரங்கிக்குப் போனது. களிமண் குதிரையை 1499இல் பிரெஞ்சு வில்வீரர்கள் குறிபார்த்து எய்தே சிதைத்தார்கள். ஆர்னோ ஆற்றைத் திருப்பும் திட்டம் 1504இல் மழையில் கரைந்தது. இத்தனைக்கும் பிறகு அடுத்த தாளை எடுத்தவர் அவர்.

சின்னச் சின்னதாக வேறு சிலவும் இருக்கின்றன. வலமிருந்து இடமாக எழுதியது ரகசியத்துக்காக என்பதற்கு ஆதாரம் இல்லை. இடக்கைக்காரருக்கு மை அழியாமல் எழுத அது வசதி. அரசர் முதலாம் பிரான்சுவாவின் கைகளில் 1519 மே 2 அன்று இறந்தார் என்பது, பின்னால் அவர் வாழ்க்கையை எழுதிய வசாரி சொன்ன கதை; அரசர் அன்று அங்கே இருந்ததாக எந்தப் பதிவும் கிடையாது. பறத்தலின் ருசி கண்டவன் வானத்தையே பார்த்துக்கொண்டு நடப்பான் என்ற மேற்கோள் அவருடைய குறிப்பேடுகளில் இல்லை. இப்படிப்பட்டவற்றுக்கு இடம் கொடுக்கும் நீங்கள், 1516 தொடக்கத்தில் ஆந்த்ரேயா கோர்சாலி என்ற பயணி கொச்சியிலிருந்து, லியனார்டோவின் புரவலரான ஜூலியானோ தெ மெடிசிக்கு எழுதிய கடிதத்தை ஏன் விடுகிறீர்கள்? குஜராத்திகள் இரத்தமுள்ள எதையும் உண்பதில்லை, எந்த உயிருக்கும் தீங்கு நேர விடுவதில்லை, 'நம் லியனார்டோ டா வின்சியைப் போல' என்று அதில் எழுதியிருக்கிறார். நம் கடற்கரையிலிருந்து போன கடிதம் அது.

விறுவிறுப்பு வேண்டும் என்கிறீர்கள், எனக்கும் வேண்டும். வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளைகளை ஆயுள் முழுக்கச் சமாளித்தவள் நான். மேலே சொன்னவற்றில் எது சலிப்பூட்டுகிறது என்று நீங்களே சொல்லுங்கள். செலவைக் காரணம் காட்டுகிறவர்களும் உண்டு. பிழைத்திருத்தச் சீட்டு ஒன்றை அச்சடித்து முகப்பில் ஒட்ட ஆகும் செலவு, ஒரு புதிய வண்ண அட்டைக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான்.

என் கோரிக்கைகள் இவை. கையிருப்பில் உள்ள பிரதிகளில், முதலில் நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்புகிறவற்றில், சைக்கிள் பற்றிய வரியைத் திருத்தும் சீட்டை ஒட்டுங்கள். அடுத்த அச்சில் அந்த வரியையும் அந்தப் படத்தையும் நீக்குங்கள். ஒவ்வொரு இயந்திரப் படத்தின் கீழும் மூன்று விவரம் கொடுங்கள்: இது எந்தக் கையேட்டில் இருக்கிறது, அவர் காலத்தில் யாராவது செய்து பார்த்தார்களா, செய்தால் வேலை செய்யுமா. கண்காட்சிக்காக இன்று செய்த மர மாதிரிகளின் புகைப்படத்தைப் போட்டு 'லியனார்டோவின் ஹெலிகாப்டர்' என்று எழுதாதீர்கள். இன்று செய்தது என்று சொல்லிவிடுங்கள். அவர் பெயரில் போடும் மேற்கோள் எந்தக் குறிப்பேட்டில் உள்ளது என்று சொல்ல முடியாவிட்டால் அந்த மேற்கோள் வேண்டாம். பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய அவருடைய சோதனை ஒன்றையாவது, உராய்வோ சிப்பிக் கணக்கோ, படத்தோடு சேருங்கள். தவறிப்போனவற்றுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குங்கள். கலை வரலாறோ பொறியியலோ தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் படித்துப் பார்க்கட்டும், அவர் பெயரையும் போடுங்கள்.

நூலகங்களுக்குப் புத்தகம் தேர்வு செய்யும் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். சிறுவர் அறிவியல் நூல்களை எடுக்கும்போது இந்தச் சைக்கிள் வரி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இருந்தால், திருத்தித் தரும்வரை வாங்காதீர்கள்.

நான் படித்த நூல்களின் பிழைப் பட்டியல் பக்க எண்ணோடு தயாராக இருக்கிறது. கேட்கிற பதிப்பகத்துக்கு அனுப்பிவைக்கிறேன். மெய்ப்புப் பார்க்கவும் தயார், அதற்குப் பணம் எதுவும் வேண்டாம். அடுத்த கல்வியாண்டுக்கான அச்சு வேலை தொடங்குவதற்கு முன் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியியல் வரைபட ஆசிரியை ஒருவர்